ஒற்றைப் பைல் தேறியது, 37 பைல் சேர்ந்து அமிழ்ந்தது: வடசென்னை எண்ணெய்த் தொட்டி அடித்தளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மணலிக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்குப் பக்கம் உள்ள ஒரு தொழில் மனை. சமையல் எண்ணெய் சேமிக்க நான்கு எஃகுத் தொட்டிகள் கட்டத் திட்டம். நான்கும் ஒரே வரிசையில், மையத்துக்கு மையம் 24 மீட்டர். ஒவ்வொன்றும் 15 மீட்டர் விட்டம், 13.5 மீட்டர் உயரம். பழைய தரைமட்டம் தாழ்வாக இருந்ததால் மழைத்தண்ணீர் நிற்காமலிருக்க 1.2 மீட்டர் கிராவல் நிரப்பி, எட்டு மாதம் கழித்துப் பைலிங், அதாவது சுமையை ஆழமான மண்ணுக்குக் கொண்டுசெல்லும் கான்கிரீட் தூண்களை (பைல்) நிலத்தில் அமைக்கும் வேலை, தொடங்கியது.

ஒரு தொட்டிக்கு 16.5 மீட்டர் விட்டத்தில், 700 மிமீ தடிமனில் வட்ட ராஃப்ட் (கான்கிரீட் அடித்தளப் பலகை). அதன் கீழே 600 மிமீ விட்டமுள்ள போர்டு பைல்கள் (துளையிட்டு அதில் கான்கிரீட் ஊற்றியவை) 37. நடுவில் ஒன்று, சுற்றி 6, அடுத்த வளையத்தில் 12, வெளி வளையத்தில் 18. வளையங்களின் ஆரம் 2.4, 4.8, 7.2 மீட்டர். ஆக எந்த இரண்டு பைலை எடுத்தாலும் இடைவெளி குறைந்தது 2.4 மீட்டர், அதாவது விட்டத்தைப்போல் நான்கு மடங்கு. உராய்வுப் பைலுக்கு (தண்டின் பக்க உராய்வால் சுமை தாங்குவது) இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2911 கேட்பது மூன்று மடங்கு. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுமைக் கணக்கும் நேரானது. தொட்டி நிறையத் தண்ணீர் (12.8 மீட்டர்) 22,190 கிலோநியூட்டன், எஃகு 600, ராஃப்ட் 3,740. மொத்தம் சுமார் 26,500. பைல் ஒன்றுக்கு 717. அனுமதித்த சுமை 750. வடிவமைப்புக் குறிப்பில் குழுத்திறன் (குழுவின் தாங்குதிறனுக்கும் தனிப் பைல்களின் கூட்டுத் தாங்குதிறனுக்கும் உள்ள விகிதம்) 1.0 என்று எழுதி, எதிர்பார்க்கும் அமிழ்வு 10 மிமீக்குள் என்று முடித்திருந்தார்கள். அந்த 10 மிமீ எப்படி வந்தது என்பதற்குக் கணக்கு எதுவும் இணைக்கப்படவில்லை. குழுத்திறன் ஒன்று என்றால் குழுவின் அமிழ்வும் ஒற்றைப் பைலின் அமிழ்வும் ஏறக்குறைய ஒன்று என்று யாரோ எடுத்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது. குழுத்திறன் பேசுவது உடைவுச் சுமையைப் பற்றி. அமிழ்வைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

நிலத்தடியில் அப்போது தெரிந்தது

மனை முழுதுக்கும் மூன்று போர்ஹோல்கள் (மண்ணைச் சோதிக்கப் போடும் துளைகள்). ஒப்பந்தத்தில் ஆழம் 20 மீட்டர், அல்லது எஸ்.பி.டி. (மண்ணின் கெட்டித்தன்மையைச் சம்மட்டி அடியால் அளக்கும் சோதனை) அடி எண்ணிக்கை தொடர்ந்து 50-ஐத் தாண்டும் வரை. மூன்றிலும் ஒரே மாதிரி அடுக்குகள்: மேலே நிரப்பும் மண்ணும் கொஞ்சம் மணலும், 2 முதல் 6 மீட்டர் வரை இளகிய கரும் களி (அடி எண்ணிக்கை 2 முதல் 4), 6 மீட்டருக்குக் கீழே மணல். மணலில் எண்ணிக்கை 18-இல் தொடங்கி 16 மீட்டரில் 40, 19 மீட்டரில் 50-க்கு மேல். 20 மீட்டரில் துளையை மூடிவிட்டார்கள். பைல் முனை 18 மீட்டர் என்று முடிவாயிற்று.

கொசஸ்தலை ஆறும் கடலும் மாறி மாறிக் கொட்டிய வண்டல் பூமி இது. மணல், களி, மறுபடி மணல், மறுபடி களி என்று அடுக்கடுக்காக வருவது இங்கே புதுமையில்லை. கெட்டி மணல் தட்டுப்பட்டவுடன் அடியில் இனி எல்லாம் கெட்டி என்று நினைப்பது தென்சென்னையில் பாறை அருகிலிருக்கும் இடங்களில் செல்லும். இங்கே செல்லாது.

ஒற்றைப் பைல் சோதனைகள்

ஆரம்பச் சோதனை ஒரு தனிப் பைலில், 750-க்கு 2.5 மடங்கான 1,875 கிலோநியூட்டன் வரை. கெண்ட்லெட்ஜ் (எதிர்ச்சுமை அடுக்கிய) மேடை, ஹைட்ராலிக் ஜாக், 0.01 மிமீ நுட்பமுள்ள நான்கு டயல் கேஜ்கள். 600 கிலோநியூட்டனில் 2.4 மிமீ, 750-இல் 3.2 மிமீ, 1,875-இல் 9.8 மிமீ. சுமையை இறக்கியபோது பெரும்பகுதி மீண்டது. 12 மிமீ என்ற வரம்பையே தொடவில்லை. பிறகு வேலைப் பைல்களில் 1.5 மடங்குக்கு நடந்த வழக்கமான சோதனைகளும் 5 மிமீக்குள் முடிந்தன. பைல் முழுமைச் சோதனையிலும் குறையில்லை. ட்ரெமி (துளையின் அடிவரை போகும் குழாய்) வைத்துக் கான்கிரீட் ஊற்றிய பதிவேடுகளில் கான்கிரீட் கணக்கைவிட 8 முதல் 12 விழுக்காடு கூடுதலாகப் போயிருந்தது. இந்த மணலில் அது இயல்பு.

பைலிங் வேலை நன்றாகவே நடந்திருந்தது. பின்னால் வந்த சிக்கலுக்குப் பைலிங் ஒப்பந்ததாரரைக் குறைசொல்ல இடமில்லை. முதலில் எல்லோருடைய கையும் அவரைத்தான் நோக்கி நீண்டது.

தண்ணீர் ஏற்றியபோது கண்டவை

முதல் தொட்டியின் நீர்ச் சோதனைக்கு உள்ளூர் போர்வெல் தண்ணீர் ஆகாது. மீஞ்சூர் தொடங்கி இந்தப் பக்கம் முழுக்கக் கடல்நீர் ஊடுருவிய உப்புத்தண்ணீர். மணலித் தொழிற்சாலைகளுக்காகக் கொடுங்கையூரில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்து குழாய்வழி வரும் நீரையே வாங்கினார்கள். நான்கு கட்டமாக ஏற்றுவது, ஒவ்வொரு கட்டத்திலும் 24 மணி நேரம் நிறுத்துவது, தொட்டியின் கீழ் விளிம்பில் பற்றவைத்த எட்டுக் குறிகளில் ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) கொண்டு அளப்பது என்று ஏற்பாடு.

இரண்டாம் கட்டம் வரை எல்லாம் சரி என்றே நினைத்தார்கள். அமிழ்வு 2 மிமீ, பிறகு 4 மிமீ. ஸ்டாஃப் (அளவுக்கோல்) பிடித்துக்கொண்டிருந்த சர்வே உதவியாளர்தான் முதலில் சொன்னார்: “சார், டேங்க்கை விடுங்க, நம்ம பெஞ்ச் மார்க்கே இறங்குது போலிருக்கு.” பெஞ்ச் மார்க்காக (அசையாது என்று நம்பி ஒப்பிடும் புள்ளி) எடுத்திருந்தது ராஃப்ட் விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்த பைப் ரேக் பெடஸ்டல் (குழாய்த் தாங்கிச் சட்டத்தின் பீடம்). அன்று காலை சாலையோரக் கல்வெர்ட்டின் மேல்முகத்தை யதேச்சையாக ஒருமுறை பார்த்தபோது, முந்தைய அளவோடு 3 மிமீ வித்தியாசம் வந்தது. கல்வெர்ட் ஏறாது. அப்படியென்றால் பெடஸ்டல் 3 மிமீ இறங்கியிருக்கிறது. பைல் குழு தன்னைச் சுற்றியுள்ள மண்ணையும் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். அந்தக் கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் நின்று அளந்தால் அமிழ்வு குறைவாகத்தான் தெரியும். 60 மீட்டர் தொலைவில் புதிய பெஞ்ச் மார்க் அமைத்து, பழைய அளவுகளைத் திருத்தினார்கள். திருத்திய சராசரி:

நீர் 3.2 மீட்டர்: 3 மிமீ
நீர் 6.4 மீட்டர்: 7 மிமீ
நீர் 9.6 மீட்டர்: 11.5 மிமீ
நீர் 12.8 மீட்டர், 24 மணி நேரம் கழித்து: 17 மிமீ

தண்ணீரால் ஒரு பைலுக்கு வந்தது 600 கிலோநியூட்டன். அதே சுமையில் தனிப் பைல் 2.4 மிமீதான் இறங்கியது. குழு அதைப்போல் ஏழு மடங்கு.

அதைவிடக் கவலை தந்தது அடுத்தது. 24 மணி நேரத்துக்குப் பிறகு நின்றிருக்க வேண்டியது நிற்கவில்லை. மூன்றாம் நாள் 18.7, ஏழாம் நாள் 21, பதினான்காம் நாள் 23.7. இரண்டாம் வாரத்திலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மிமீ.

இதற்கிடையில் குழாய் வேலைக்காரர்கள் மூன்றாம் கட்டத்திலேயே 200 மிமீ உறிஞ்சு குழாயை நாசிலோடு (தொட்டிச் சுவரில் குழாய் இணையும் வாய்) பற்றவைத்துவிட்டிருந்தார்கள். குழாயின் முதல் தாங்கி தனி அஸ்திவாரத்தில், தொட்டியிலிருந்து ஒன்றரை மீட்டரில். தொட்டி இறங்க இறங்க நாசிலின் கழுத்தில் வளைவு ஏறிக்கொண்டே போனது. நாசில் வலுவூட்டுத் தகட்டின் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக விரிந்திருந்ததைப் பார்த்த பிறகு அன்றே குழாயை அறுத்து எடுத்தார்கள். நீர்ச் சோதனை முடிந்து அமிழ்வு ஓயும் முன் குழாய் இணைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். அட்டவணை நெருக்கினால் முதலில் மீறப்படுவதும் அதுவே.

ஏன் இப்படி: குழு பார்க்கும் ஆழம்

ஒரு பைல் தன் சுமையைப் பெரும்பாலும் தண்டின் உராய்வில் மண்ணுக்குக் கொடுக்கிறது. சுற்றியுள்ள மண் சில மீட்டர் ஆரத்துக்கு லேசாகக் கீழே நெளிகிறது. பக்கத்தில் 2.4 மீட்டரில் இன்னொரு பைல் இருந்தால், அது முதல் பைலின் நெளிவுக்குள் நிற்கிறது. தன் சுமை ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் இறங்கிவிடுகிறது. 37 பைல்களும் இப்படி ஒன்றையொன்று இழுத்தால் அமிழ்வு கூடிக்கொண்டே போகும். மணலில் இதைக் கணிக்கக் கையடக்கச் சூத்திரங்கள் உண்டு. குழுவின் அகலத்தைப் பைல் விட்டத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கும் வெசிக் சூத்திரப்படி 15-ஐ 0.6-ஆல் வகுத்தால் 25, வர்க்கமூலம் 5. ஆக 12 மிமீ. ஸ்கெம்ப்டன் சூத்திரப்படி 11 மடங்குக்கு மேல், 27 மிமீ. ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அளந்த 17 இரண்டுக்கும் நடுவில். எனவே உடனடி அமிழ்வில் மர்மம் இல்லை. யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் 10 மிமீ என்று எழுதியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நாள்தோறும் தொடர்ந்த இறக்கத்துக்கு மணல் காரணமாக முடியாது. மணலில் இருக்கும் நீர் உடனே வழிவிட்டுவிடும். நாள்கணக்கில் ஊர்வது களியின் குணம். மேலே உள்ள 2–6 மீட்டர் களி பைல் தண்டைச் சுற்றி இருக்கிறதே தவிர, குழுவின் சுமை அதில் நிற்பதில்லை. ஆக, 20 மீட்டருக்குக் கீழே யாரும் பார்க்காத இடத்தில் ஒரு களி அடுக்கு இருக்க வேண்டும் என்பதே நிலத்தொழில்நுட்ப ஆலோசகரின் ஊகம்.

அவர் போட்டது பழைய ‘இணை ராஃப்ட்’ கணக்கு. தாங்கும் மணலில் பைல் இருக்கும் நீளம் 12 மீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில், அதாவது தரையிலிருந்து 14 மீட்டரில், ஒரு கற்பனை ராஃப்ட். நாலுக்கு ஒன்று சரிவில் (நாலு மீட்டர் இறங்க, பக்கத்துக்கு ஒரு மீட்டர்) சுமை விரிவதால் அதன் விட்டம் 19 மீட்டர். அங்கே தண்ணீரின் அழுத்தம் 78 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே இரண்டுக்கு ஒன்று என விரித்தால் 23 மீட்டர் ஆழத்திலும் 36 கிலோபாஸ்கல் மிஞ்சுகிறது. அதே கணக்கைத் தனிப் பைலுக்குப் போட்டால் அந்த ஆழத்தில் 5 கிலோபாஸ்கல்கூடத் தேறாது. சோதனைச் சுமை நிற்பதும் ஓரிரு நாள்தான். அந்த நேரத்துக்குள் களி அரை மிமீகூட இறுகாது (நீரை வெளியேற்றிச் சுருங்காது). ஒற்றைப் பைல் சோதனை சொன்னது பொய்யில்லை. அது கேட்ட கேள்வியே வேறு.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பதினான்காம் நாள் கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. தொட்டி தயாரிப்பாளர் தண்ணீரை உடனே வெளியேற்றச் சொன்னார். வடிவமைப்பு ஆலோசகர் ராஃப்ட்டைச் சுற்றி 12 பைல் கூடுதலாகப் போடலாம் என்றார். உரிமையாளர் தரப்பு கிரவுட்டிங் (மண்ணுக்குள் சிமென்ட் குழம்பு செலுத்துவது) பற்றிக் கேட்டது.

கூடுதல் பைல் யோசனை பார்க்கப் பலமாகத் தெரியும், பயன் மிகக் குறைவு. அதே 18 மீட்டர் பைல்கள் அதே மணலில் நின்று அதே களியைத்தான் அழுத்தும். மொத்தச் சுமை மாறவில்லை, அகலம் சற்றே கூடும், களிக்கு வரும் அழுத்தம் கொஞ்சம் குறையும். ராஃப்ட் மண்ணில் படிந்து சுமையைப் பங்கிடும் என்ற வாதமும் எடுபடவில்லை. நீர்ச் சோதனைக்கு முன்பே ராஃப்ட் விளிம்பில் பி.சி.சி.க்கும் (ராஃப்ட்டுக்கு அடியில் போட்ட சாதாக் கான்கிரீட்) நிரப்பு மண்ணுக்கும் இடையே எஃகு ஸ்கேலை நுழைத்துப் பார்த்திருந்தார்கள். கிழக்கே 15 முதல் 20 மிமீ இடைவெளி. 1.2 மீட்டர் நிரப்பின் எடையில் மேல்களி இறுகித் தரையே தனியாக இறங்கியிருந்தது. அந்தக் களி பைல்களைக் கீழே இழுத்துக்கொண்டும் இருந்தது. பைலுக்குச் சுமார் 150 கிலோநியூட்டன் எதிர்மறை உராய்வு. இதுவும் முதல் வடிவமைப்பில் சேர்க்கப்படவில்லை. களியில் சிமென்ட் கிரவுட் ஊடுருவாது என்பதால் மூன்றாவது யோசனை அங்கேயே நின்றுவிட்டது.

தண்ணீரை வெளியேற்றக் கூடாது என்பதே முடிவு. காரணம் இரண்டு. ஒன்று, இருக்கும் சுமையில் பைல் உடைவுக்கு அருகில்கூட இல்லை. தனிப் பைல் 1,875 தாங்கியிருக்கிறது, இங்கே இருப்பது 717. இறுகலுக்கும் உடைவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் புரியவைக்க நேரம் பிடித்தது. இரண்டாவது, எண்ணெய் தண்ணீரைவிட இலேசு (ஒப்படர்த்தி சுமார் 0.92), தொட்டியும் எப்போதும் நிறைந்திருக்காது. வழக்கமான பயன்பாட்டுச் சராசரி தண்ணீர்ச் சுமையில் 70 விழுக்காடு அளவுக்குத்தான் வரும். ஆக, தண்ணீரையே முன்சுமையாக வைத்துக் களியை இப்போதே இறுக்கிவிடலாம்.

கூடவே, ராஃப்ட் விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி கிழக்கிலும் மேற்கிலும் 36 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு போர்ஹோல்கள் போடப்பட்டன. ஊகம் சரியாக இருந்தது. மேற்கே 21.0 முதல் 24.6 மீட்டர் வரை, கால்வாய்ப் பக்கமான கிழக்கே 20.8 முதல் 26.2 மீட்டர் வரை சாம்பல் நிறக் கடற்களி, நடுநடுவே சிப்பித் துண்டுகள். அடி எண்ணிக்கை 7 முதல் 9. அதற்குக் கீழே கெட்டிக் களியும் சிதைந்த ஷேலும் (களிப்பாறை), எண்ணிக்கை 60-க்கு மேல். முதல் மூன்று துளைகளும் இந்தக் களிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் நின்றுவிட்டிருந்தன.

ஷெல்பி குழாயில் (மண்ணை அதிகம் கலைக்காமல் எடுக்கும் மெல்லிய குழாய்) எடுத்த மாதிரிகளில் ஆய்வகச் சோதனை: இறுகல் குறியெண் (எவ்வளவு சுருங்கும் என்பது) 0.45, துவாரவிகிதம் (மண்துகளின் பருமனுக்கு வெற்றிடத்தின் பருமன்) 1.05, இறுகல் கெழு (எவ்வளவு வேகமாக என்பது) ஆண்டுக்குச் சுமார் 2 சதுர மீட்டர். சராசரித் தடிமன் 4.5 மீட்டருக்கு இறுதி இறுகல் அமிழ்வு 66 மிமீ. பாதி இறுக ஆறு மாதம். அதே துளைகளில் களியின் நடுவிலும், களியின் மேல்முகத்திலிருந்து 0.9 மீட்டர் கீழேயும் பீசோமீட்டர்கள் (மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் கருவிகள்) பொருத்தப்பட்டன.

தண்ணீர் நிற்கும் காலம் 120 நாள் என நிர்ணயித்தார்கள். அதற்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு இறுகும். பயன்பாட்டில் மிஞ்சுவது சுமார் 20 மிமீ. இன்னும் நிறுத்தினால் நல்லதுதான், ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மற்றத் தொட்டிகளுக்கும் தண்ணீர் தேவை. மைல்டு ஸ்டீலில் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றால் துருவும். குளோரைடு அளவைப் பார்த்து, காரத்தன்மையைக் கூட்டி, துரு தடுப்பானும் கலந்தார்கள்.

பின் நடந்தவை

120-ஆம் நாள் சராசரி அமிழ்வு 39 மிமீ. கணக்கு சொன்னது 41. கடைசி வாரத்தில் நாளொன்றுக்கு 0.1 மிமீ. இப்படிக் கணக்கும் அளவும் ஒத்துப்போவது அடிக்கடி நடப்பதில்லை. மாதிரி எடுத்த குழு கவனமாக வேலை செய்ததற்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இடையில் பீசோமீட்டர் ஒரு குழப்பம் தந்தது. நடுவில் இருந்த கருவி 24 கிலோபாஸ்கலில் தொடங்கி 120-ஆம் நாளும் 23-இல் நின்றது. ‘மூன்று மாதமாகியும் ஒன்றும் இறுகவில்லை’ என்று உரிமையாளர் தரப்புப் பொறியாளர் கடிதமே எழுதிவிட்டார். களி இரண்டு மணல் முகங்களின் வழியாகத்தான் நீரை விடுகிறது. முகத்துக்கு அருகே இருப்பது முதலில் இறுகும், நடுக்களிக்குச் செய்தி போய்ச்சேரப் பல மாதமாகும். முகத்துக்கு அருகே இருந்த கருவி 23-லிருந்து 11-க்கு இறங்கியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு கருவி வைத்திருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல ஆதாரம் இருந்திருக்காது.

சாய்வும் இதே காரணத்தால் ஏமாற்றியது. கிழக்கே களி ஒன்றரை மடங்கு தடிமன், ஆனால் 120 நாளில் கிழக்கு–மேற்கு வித்தியாசம் 4 மிமீதான். ‘சாய்வே இல்லை’ என்று நிம்மதி. தொடக்கக் காலத்தில் இரு பக்கமும் இறுகுவது மணல் முகத்தை ஒட்டிய களி மட்டுமே. அது தடிமனைப் பொறுத்ததில்லை. மெல்லிய பக்கம் இறுகி ஓய்ந்த பின் தடித்த பக்கம் தொடர்ந்து இறங்கும்போதுதான் சாய்வு வெளிப்படும். முழுச் சுமை நிரந்தரமாக நின்றால் மேற்கே 53, கிழக்கே 79 மிமீ என்றும், பயன்பாட்டுச் சுமையில் இறுதி வித்தியாசம் 18 மிமீ அளவு என்றும் ஆலோசகர் கணித்தார். 15 மீட்டர் விட்டத்துக்கு அது தொட்டியின் சுவருக்கு ஆபத்தில்லை. குழாய்க்குத்தான் ஏற்பாடு வேண்டும். முதல் தாங்கியை 6 மீட்டருக்குத் தள்ளி, ஸ்பிரிங் தாங்கியும் நாசிலருகே எஃகுப் பின்னல் நெகிழ்குழாயும் வைத்து 40 மிமீ செங்குத்து அசைவுக்கு இடம் விட்டார்கள்.

தண்ணீர் வெளியேறியதும் தொட்டி 13 மிமீ மீண்டது. உள்ளே அடித்தகட்டை அளந்தபோது நடுப்பகுதி விளிம்பைவிட 9 மிமீ தாழ்ந்திருந்தது. 700 மிமீ ராஃப்ட் முழு விறைப்பும் இல்லை, முழு நெகிழ்வும் இல்லை. முழு விறைப்பாக இருந்திருந்தால் எல்லாப் பைலும் ஒரே அளவு இறங்கி, ஓரப் பைல்கள் அதிகச் சுமையை வாங்கிக்கொண்டிருக்கும். இங்கே ராஃப்ட் கொஞ்சம் வளைந்துகொடுத்து ஓரப் பைல்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்துத் தொட்டியின் நிலையும் பதிவாகியுள்ளது. இரண்டாம் தொட்டியின் ராஃப்ட் வெறுமனே இருந்தபோதே, முதல் தொட்டியை நோக்கிய விளிம்பு 4 மிமீ, மறு விளிம்பு 1 மிமீ இறங்கியது. அதனால் தண்ணீரை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றாமல் முதலிலிருந்து மூன்றாவதுக்கும், பிறகு இரண்டாவதுக்கும் மாற்றினார்கள். இரண்டாம் தொட்டி இருபுறமும் ஏறக்குறைய சமமாகச் சாய்க்கப்பட்டதால் நிமிர்ந்தே நின்றது.

நான்காம் தொட்டிக்கு அப்போது பைலிங் தொடங்கவில்லை. களியைத் தாண்டி ஆழமாகப் போடலாமே என்பது நியாயமான கேள்வி. கணக்கு வேறு விதமாக வந்தது. ஆழப் பைலும் முதலில் தன் சுமையை மணலுக்குத்தான் உராய்வில் கொடுக்கும். அந்தச் சுமையில் களி இறுகும். மணல் கீழே வந்து பைலின் மேல் தொங்கும். வேலைச்சுமை 717-உடன் இழுசுமை 900 அளவுக்குச் சேரும். இரண்டையும் களிக்குக் கீழே உள்ள பகுதி மட்டுமே தாங்க வேண்டுமென்றால் 34 மீட்டர் நீளம் வேண்டும், ஏறத்தாழ இரட்டிப்பு. போர்டு பைலுக்கு இழுவையைக் குறைக்க தார் போன்ற பிட்டுமன் பூசவும் வழியில்லை. அதே வரிசையில் மூன்று தொட்டி இறங்க, நான்காவது மட்டும் அசையாமல் நின்றால் பைப் ரேக்குக்கு அது வேறு தலைவலி. பைல் நீளத்தை 18 மீட்டராகவே வைத்து, மேல்களியின் இழுசுமையைச் சேர்த்து, தொட்டியின் இடத்தை மட்டும் நகர்த்தி மையத் தூரத்தை 31 மீட்டராக்கினார்கள். மூன்றாம் தொட்டியால் நான்காவதின் அருகு விளிம்பின் கீழ் களிக்கு வரும் கூடுதல் அழுத்தம் 3 கிலோபாஸ்கலிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியது. காலி இடம் இருந்ததால் சாத்தியமாயிற்று. மனை நெருக்கமாக இருந்திருந்தால் ஆழப் பைலைத்தான் மறுபடி பரிசீலித்திருக்க வேண்டும்.

எண்ணெய் ஏற்றி ஓராண்டு கழித்து முதல் தொட்டி, நீர்ச் சோதனையின் 120-ஆம் நாள் அளவைவிட 6 மிமீ கூடுதலாக இறங்கியிருந்தது. கிழக்கு–மேற்கு வித்தியாசம் 4-லிருந்து 9 மிமீ. நெகிழ்குழாயில் இழுவை இல்லை.

மாற்ற வேண்டியவை

முதலாவது போர்ஹோல் ஆழம். பைல் எவ்வளவு நீளம் என்பதை வைத்து அதைத் தீர்மானிக்கக் கூடாது, குழு எவ்வளவு அகலம் என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இணை ராஃப்ட் மட்டத்திலிருந்து குழு அகலத்தின் ஒன்றரை மடங்கு என்றால் இந்த மனைக்கு 14-உடன் 22 சேர்த்து 36 மீட்டர். எல்லாத் துளையும் வேண்டாம், தொட்டிக்கு ஒன்று போதும். ‘அடி எண்ணிக்கை 50 தாண்டினால் நிறுத்தலாம்’ என்ற வரியை வடசென்னை வேலைகளின் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடலாம். நீளும் 16 மீட்டருக்கு ஆகும் செலவு, அறுத்து எறிந்த குழாய் வேலையின் செலவைவிடக் குறைவு.

இரண்டாவது, வடிவமைப்புக் குறிப்பில் குழு அமிழ்வுக்குத் தனிப் பக்கம். குறைந்தது இரண்டு முறையில் போட்டு, உடனடி அமிழ்வையும் இறுகலையும் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டு சூத்திரம் இரண்டு எண் தந்தால் இரண்டையும் எழுதுவதே நேர்மை. நிரப்பிய மனை என்றால் எதிர்மறை உராய்வு அதே பக்கத்தில் வர வேண்டும்.

அளவு எடுப்பதில், பெஞ்ச் மார்க் ராஃப்ட் விளிம்பிலிருந்து குழு அகலத்தின் மூன்று மடங்காவது தள்ளி, இரண்டு இடத்தில். ஒவ்வொரு முறையும் இரண்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் தொட்டியை அளக்க வேண்டும்.

நான்காம் தொட்டியின் ஒப்பந்தத்தில் குழாய்ப் பிரிவில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: அமிழ்வு வேகம் தொடர்ந்து ஏழு நாள் நாளொன்றுக்கு 0.1 மிமீக்கு மேற்படாதிருப்பதாக நிலத்தொழில்நுட்ப ஆலோசகர் கையெழுத்திடும்வரை எந்தக் குழாயும் நாசிலில் இணைக்கப்படக் கூடாது. இணைத்தால் அறுத்து எடுக்கும் செலவு இணைத்தவருடையது.